மீண்டும் திறந்த ஹோம்ஸ்டக்

2009-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள், ஆண்ட்ரூ ஹஸ்ஸி என்னும் அமெரிக்கப் படைப்பாளி தம் இணையதளத்தில் ஒரு படத்தை வெளியிட்டார். எளிய கோடுகளால் ஆன ஒரு படுக்கையறை. அதன் நடுவே கைகள்கூட வரையப்படாத ஒரு சிறுவன். அன்று அவனுக்குப் பதின்மூன்றாம் பிறந்தநாள். அவனுக்கு இன்னும் பெயர் இல்லை. என்ன பெயர் வைக்கலாம் என்று வாசகர்களிடமே கேட்கப்பட்டது. முதலில் ஏற்கப்பட்ட பெயர் இந்த இதழில் அச்சிடத் தகாத ஒரு கேலிப்பெயர். சிறுவன் முகம் சுளித்தான். அடுத்த முயற்சியில் ஜான் எக்பர்ட் என்ற பெயர் நிலைபெற்றது. இப்படித் தொடங்கிய 'ஹோம்ஸ்டக்' என்னும் இணையப் படக்கதை, சரியாக ஏழு ஆண்டுகள் கழித்து, 2016-ஆம் ஆண்டு அதே ஏப்ரல் 13 அன்று நிறைவுற்றது. அதற்குள் அது எண்ணாயிரம் பக்கங்களையும் எட்டு இலட்சம் சொற்களையும் கடந்திருந்தது.

சிவகாசியிலிருந்து வரும் முத்து காமிக்ஸையும் லயன் காமிக்ஸையும் படித்து வளர்ந்த வாசகர்களுக்கு இதன் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். ஒரு பக்கத்தில் ஒரு படம். அதன் கீழே சில வரிகள். பக்கத்தின் அடியில் ஒரு கட்டளை இருக்கும்: அறையைச் சுற்றிப் பார், பெட்டியைத் திற, தந்தையிடம் பேசு என்பது போல. அந்தக் கட்டளையைச் சொடுக்கினால் அடுத்த பக்கம் வரும். 1980-களில் 'ஸார்க்' போன்ற எழுத்து வழிக் கணினி விளையாட்டுகளில், விளையாடுபவர் கட்டளையைத் தட்டெழுத, கணினி விளைவைச் சொல்லும். அதே முறையைக் கதை சொல்வதற்கு ஹஸ்ஸி கைக்கொண்டார். கணினியின் இடத்தில் அவரே அமர்ந்துகொண்டார். கட்டளைகளை வாசகர்கள் அனுப்பினார்கள்.

இது அவருடைய முதல் முயற்சி அன்று. 'ஜெயில்பிரேக்' என்ற முந்தைய கதையில் முதலில் வந்து சேரும் ஆலோசனை எதுவாயினும் அதையே வரைவது என்று விதி வைத்திருந்தார். கதை எந்தத் திசையில் ஓடியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 2008-இல் தொடங்கிய 'பிராப்ளம் ஸ்லூத்' என்னும் துப்பறியும் நையாண்டியில், வந்து குவிந்தவற்றிலிருந்து தமக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்தார். ஓராண்டில் 1,600-க்கும் மேற்பட்ட பக்கங்கள் வந்தன. ஹோம்ஸ்டக் அடுத்த படி. அதில் அசையும் படங்களும் இசையும் சேர்ந்தன. சில பக்கங்களில் கதாபாத்திரத்தை வாசகரே விசைப்பலகையால் நடத்திச் சென்று, எதிர்ப்படுவோரிடம் பேசவைக்கலாம். வாசகர்கள் பெருகியபோது வந்து சேர்ந்த கட்டளைகளைப் படித்து முடிப்பதே இயலாத காரியமாயிற்று. ஒரு கட்டத்தில் ஆலோசனைப் பெட்டி மூடப்பட்டது. அதன் பின்னரும் பக்கங்களின் அடியில் கட்டளைகள் தொடர்ந்தன. ஆனால் அவற்றை எழுதியவர் ஆசிரியரே.

வணிகவியல் படித்த ஒருவனை இந்தக் கதை ஏன் பிடித்துக்கொண்டது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. சரக்கிருப்பு மதிப்பீடுதான் காரணம் என்றால் நம்பமாட்டார்கள். ஜான் தன் உடைமைகளை எல்லாம் அட்டைகளில் அடைத்து வைத்துக்கொள்வான். அந்த அட்டைக்கட்டுக்கு ஒரு விதி உண்டு: கடைசியாக வைத்த பொருளைத்தான் முதலில் எடுக்க முடியும். அடியில் சுத்தியல் இருந்தால், அதற்கு மேலே உள்ள எல்லாவற்றையும் வெளியே எடுத்த பிறகே அது கைக்கு வரும். கட்டு நிறைந்துவிட்ட நிலையில் புதிய பொருள் ஒன்றை வைத்தால், பழைய பொருள் ஒன்று வெளியே தெறித்து விழும். கணினி மாணவர் இதை 'ஸ்டாக்' என்பார். எனக்கு இது லிஃபோ. பிறகு அவனுக்கு இன்னொரு முறை கிடைக்கிறது; முதலில் வைத்தது முதலில் வெளிவரும். அது ஃபிஃபோ. இரண்டையும் கலந்து, இரு முனைகளிலிருந்தும் எடுக்கும் மூன்றாவது முறையையும் அவன் கண்டுபிடிக்கிறான்.

நாங்கள் பட்டப்படிப்பில் இந்த இரு முறைகளிலும் கணக்குப் போட்டுப் போட்டு விரல் தேய்ந்தவர்கள். விலைவாசி ஏறும் காலத்தில் லிஃபோ முறையில் இலாபம் குறைவாகத் தெரியும், வரியும் குறையும். இந்தியாவில் திருத்தப்பட்ட இரண்டாம் கணக்கியல் தரநிலை 1999 ஏப்ரல் முதல் அம்முறைக்கு இடமளிக்கவில்லை. அமெரிக்காவில் அது இன்றும் உண்டு. கணக்கேட்டில் அது வெறும் அனுமானம்தான். கிடங்கில் மூட்டைகள் எந்த வரிசையில் வெளியேறினாலும் ஏடு அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஹஸ்ஸி அந்த அனுமானத்தை மெய்யான விதியாக்கி, ஒரு சிறுவனின் கையில் கொடுத்துவிட்டார். அவன் தவிக்கிற தவிப்பைப் படித்துத் தனியாகச் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது.

கதையின் மையம் ஒரு கணினி விளையாட்டு. ஜானும் ரோஸ், டேவ், ஜேட் என்னும் அவனுடைய இணைய நண்பர்கள் மூவரும் அதை விளையாடத் தொடங்க, வானிலிருந்து எரிகற்கள் விழுகின்றன, உலகம் அழிகிறது, அவர்கள் வேறோர் உலகத்துக்குள் தூக்கிச் செல்லப்படுகிறார்கள். அந்த உலகத்தில் எதைச் செய்யவும் விலை உண்டு. வீட்டின்மேல் ஒரு மாடி கட்ட வேண்டுமானால் அதற்குரிய மூலப்பொருளைப் போரிட்டுச் சேர்க்க வேண்டும். பணத்துக்குத் தனி நாணயமும், அதைப் போட்டு வைக்கப் பன்றி வடிவப் பீங்கான் உண்டியலும் இருக்கின்றன. முதலைகள் வாழும் ஒரு நிலத்தில் பங்குச் சந்தைகூட நடக்கிறது. காலத்தில் முன்னும் பின்னும் செல்லத் தெரிந்த டேவ், அங்கே எந்தப் பங்கு ஏறும் என்பதை முன்கூட்டியே அறிந்து பெருஞ்செல்வம் திரட்டுகிறான். நம் செபியின் உள்வர்த்தகத் தடை விதிமுறைகளில் காலப்பயணிகளுக்கென்று தனிப்பிரிவு எதுவும் இல்லை என்பதை இங்கே பணிவுடன் குறிப்பிடுகிறேன்.

நான் இதைப் படிக்கத் தொடங்கியது விதர்பாவில் ஒரு கிளைக்கு மாற்றலாகிச் சென்றிருந்த 2010-இல். மொழி பழகாத ஊர், தனி அறை, மடிக்கணினியில் செருகிய டேட்டா கார்டு. ஒரு நீண்ட அசைபடம் இறங்குவதற்குள் சோறு வடித்து, ரசம் வைத்து, சாப்பிட்டும் முடித்துவிடலாம். 2011 அக்டோபர் 25 அன்று ஐந்தாம் அங்கத்தின் முடிவாக 'காஸ்கேட்' என்ற அசைபடம் வெளியாயிற்று. பதின்மூன்று நிமிடங்களுக்கும் மேற்பட்ட நீளம். உலகெங்கும் வாசகர்கள் ஒரே நேரத்தில் திரண்டதால், அதனைத் தாங்கியிருந்த நியூகிரவுண்ட்ஸ் தளம் முடங்கியது. மறுநாள் இங்கே தீபாவளி. வெளியே பட்டாசுச் சத்தம். உள்ளே திரையில் பாதியில் நின்ற ஒரு பட்டை. அது முழுதாக இறங்கியபோது எங்கள் தெருவில் மிச்சப் பட்டாசுகளைப் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அண்மையில் இதை மீண்டும் எடுத்தேன். அதற்குக் காரணம், கல்லூரிப் படிப்புக்காக எங்களோடு வந்து தங்கியிருக்கும் அக்கா மகன். 'அண்டர்டேல்' என்ற விளையாட்டு அவனுக்கு மனப்பாடம். அதனை உருவாக்கிய டோபி ஃபாக்ஸ், அதற்கு முன்பு ஹோம்ஸ்டக்குக்கு இசையமைத்தவர்களுள் ஒருவர் என்று நான் சொன்னதும், அன்றிரவே அதிகாரபூர்வ தளத்தில் தொடங்கிவிட்டான். நானும் ஒரு பக்கமாக அமர்ந்து படித்துக்கொண்டு வந்தேன். ஓரிடத்தில் அவன் விசைப்பலகையை மாறி மாறி அழுத்திவிட்டு, "மாமா, இதுல இவனை நடக்க வைக்கலாம்னு சொன்னீங்களே, ஒண்ணுமே நகரலையே?" என்றான்.

நகரவில்லைதான். அந்தப் பக்கங்கள் ஃபிளாஷ் என்னும் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டவை. அதைக் கைவிடப்போவதாக அடோபி நிறுவனம் 2017-இல் அறிவித்தது. 2020 டிசம்பர் 31-உடன் ஆதரவு நின்றது. அடுத்த ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் கோப்புகள் இயங்குவதே தடுக்கப்பட்டது. 2018-இல் விஸ் மீடியா நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்திருந்த தளத்தில், அசைபடங்கள் காணொளிகளாக மாற்றப்பட்டன. பார்ப்பதற்குரியவை அதனால் பிழைத்தன. கையால் நடத்துவதற்குரியவை அப்படிப் பிழைக்க முடியாது. நாம் நடந்து திரிந்த ஒரு மாளிகையை, வேறொருவர் நடந்து எடுத்த ஒளிப்படத் தொகுப்பாகப் பார்ப்பது போன்றது அது.

வங்கியில் பணியாற்றுகிறவனுக்கு இது புதிய கவலை அன்று. நாங்கள் கையெழுத்துப் பேரேடுகளிலிருந்து கிளைக்கணினிக்கும், அதிலிருந்து மைய வங்கியியல் முறைக்கும் மாறியவர்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் இருப்புத் தொகை பைசா பிசகாமல் வந்து சேர வேண்டும்; சேரும்வரை யாரும் வீட்டுக்குப் போவதில்லை. பழைய ஏட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பு மட்டும் வந்து சேராது, அதை யாரும் தேடுவதும் இல்லை. ஹோம்ஸ்டக்கில் அந்த ஓரக் குறிப்புகள்தாம் பாதிப் படைப்பு. எங்கோ ஒரு மூலையில் நிற்கும் பாத்திரத்திடம் பேசினால் மட்டுமே தெரியவரும் வேடிக்கைகளை, இசையைக் கேட்டுக்கொண்டே அறை அறையாகத் தேடிப் பிடித்த காலம் அது.

நல்ல வேளையாக, வாசகர்கள் நிறுவனங்களை நம்பிக் காத்திருக்கவில்லை. தன்னார்வலர்கள் சேர்ந்து, பழைய கோப்புகள் அனைத்தையும் இயங்கும் நிலையில் திரட்டி, கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளத்தக்க அதிகாரபூர்வமற்ற தொகுப்பு ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். சில ஜிகாபைட் இடம் தேவை. இணைய இணைப்பு தேவையில்லை. 'ரஃபிள்' என்ற திறமூல மென்பொருளும் பழைய ஃபிளாஷ் கோப்புகளை இன்றைய உலாவிகளில் ஓடவைக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பரில் அதன் துணையோடுதான் தன் ஃபிளாஷ் சேமிப்பைத் தொடங்கியது. அந்தத் தொகுப்பைப் பையனின் கணினியில் நிறுவினோம். பாத்திரம் நடந்தது. அவன் கேட்ட அடுத்த கேள்வி, "அப்போ வெப்சைட்ல இருக்கிறதும் இதுவும் ஒரே கதைதானா?" என்பது. கதை ஒன்றுதான் என்றேன். "அது எப்படி? இதுல நான்தானே நடக்கிறேன்?" என்றான். பதில் சொல்வது அவ்வளவு எளிதாக இல்லை.

ஒரே மூச்சில் படிக்கும்போது வேறொன்றும் புலப்பட்டது. அந்தக் காலத்தில் நாள்தோறும் சில பக்கங்கள் வரும். சில நாள்களில் எதுவும் வராது. 2013 அக்டோபரிலிருந்து ஏறத்தாழ ஓராண்டு ஒரு பக்கம்கூட வரவில்லை. அடுத்தது என்ன என்று அந்த இடைவெளிகளில் யோசித்ததுதான் எங்கள் பங்கேற்பு. எங்கள் வீட்டில் பாட்டி வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்திருப்பார். அந்தப் பைண்டில் 'தொடரும்' என்ற சொல்லை ஒரு நொடியில் தாண்டிவிடலாம். அவர் ஒரு வாரம் அதன்மேல் உட்கார்ந்திருந்தவர். என் அருகில் இருக்கும் இளைஞன் கட்டளையைப் படிக்காமலே சொடுக்கிச் செல்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. அடுத்த பக்கம்தான் ஆயத்தமாக இருக்கிறதே.

ஆனால் ஒரே மூச்சில் படிப்பதில் கிட்டும் இலாபமும் உண்டு. கதையின் நடுவில் டிரோல்கள் என்னும் பன்னிரண்டு வேற்றுலகத்தவர் வருகிறார்கள். பன்னிரு இராசிகளுக்கு ஒருவராக. இவர்கள் நால்வரோடும் உரையாடும்போது, அவர்களால் எதிராளியின் வாழ்நாளில் எந்தக் கணத்தோடும் தொடர்புகொள்ள முடியும். ஒருவருக்கு அது முதல் உரையாடல். மற்றவருக்குக் கடைசி உரையாடல்களுள் ஒன்று. முதல் வாசிப்பில் யாரோ ஒரு முரடன் காரணமின்றித் திட்டுவதாகத் தெரிந்த பக்கங்கள், இப்போது நண்பனிடம் மனம் கசந்த ஒருவனின் சொற்களாக ஒலித்தன. மாதக்கணக்கில் இடைவெளி விட்டுப் படித்தபோது இந்த முடிச்சுகளில் பாதியை நான் மறந்திருந்தேன்.

அந்த டிரோல்களின் உலகம் இரத்தத்தின் நிறத்தை வைத்து மேல், கீழ் என வகுக்கப்பட்டது. சிவப்பு, பழுப்பு நிறத்தவர் அடியில்; ஊதாவுக்கு அப்பால் உள்ளவர் அரியணையில். ஒவ்வொருவரும் தம் இரத்தத்தின் நிறத்திலேயே எழுதுகிறார்கள். கார்கட் என்பவன் மட்டும் சாம்பல் நிறத்தில் எழுதுகிறான். அவனுடைய இரத்தம் அந்த வரிசையில் எங்குமே சேராதது. அது வெளியே தெரிந்தால் உயிருக்கு ஆபத்து. அமெரிக்க வாசகர் இதை ஒரு கற்பனை விநோதமாகக் கடந்திருக்கலாம். பெயரின் பின்னொட்டைக் கேட்டு ஆளை எடைபோடும் ஊர்களில் வேலை பார்த்த எனக்கு அந்தச் சாம்பல் எழுத்து அப்போதே உறுத்தியது. இப்போது கூடுதலாக உறுத்தியது.

மாறிப்போன இன்னொருவர் ஜானின் தந்தை. தொப்பியும் புகைக்குழாயுமாக, ஓயாமல் கேக் செய்துகொண்டிருக்கும் மனிதர். வீடெங்கும் கோமாளிப் பொம்மைகள். தந்தை கோமாளிகள்மேல் பித்துக்கொண்டவர் என்று ஜான் உறுதியாக நம்புகிறான். ஒரு நாள் அவருடைய அறைக்குள் நுழைந்து பார்த்தால் அங்கே கோமாளிகள் யாரும் இல்லை. அவர் ஒரு சாதாரண அலுவலகப் பணியாளர், மகனைப் பற்றிப் பெருமைப்படுபவர், அவ்வளவுதான். முப்பதைத் தொடாத வயதில் இதை ஒரு நகைச்சுவைத் திருப்பமாகப் படித்தேன். இன்று எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். நான் அலுவலகத்தில் என்ன செய்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாளோ தெரியாது. அந்தப் பக்கத்தில் சற்று அதிக நேரம் நின்றேன்.

டேவை வளர்த்த அண்ணனின் கதை இதற்கு நேர்மாறானது. தம்பியோடு கூரைமேல் வாட்போர் புரியும் அந்த அண்ணன் தொடக்கத்தில் வெறும் வேடிக்கைப் பாத்திரம். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பல ஆயிரம் பக்கங்கள் கடந்து, ஆறாம் அங்கத்தின் பிற்பகுதியில், வளர்ந்த டேவ் அந்த நாள்களைப் பற்றிப் பேசுகிறான். அது விளையாட்டன்று, துன்புறுத்தல் என்பதை அவனே தயங்கித் தயங்கிச் சொல்கிறான். ஒரு படைப்பு தன் பழைய நகைச்சுவையைத் தானே திரும்பிப் பார்த்துத் திருத்தி எழுதுவதை நான் அதிகம் கண்டதில்லை. இந்த ஒரு பகுதிக்காகவே ஆறாம் அங்கத்தின் பிற குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

குறைகள் உண்டு. மொத்தக் கதையில் ஏறத்தாழ பாதியை விழுங்குகிற ஆறாம் அங்கம், அங்கத்துக்குள் அங்கம், இடைவேளைக்குள் இடைவேளை என்று கிளைத்துக்கொண்டே போகிறது. புதுப் பாத்திரங்கள் வந்து நிற்க, பழையவர்கள் ஓரமாகக் காத்திருக்கிறார்கள். ஏழாம் அங்கம் சொல்லே இல்லாத ஓர் அசைபடம். கண்ணுக்கு விருந்து, ஆயினும் எட்டு இலட்சம் சொற்களைப் படித்தவர்களுக்குக் கடைசியில் ஒரு சொல்லாவது வைத்திருக்கலாம் என்ற மனத்தாங்கல் 2016-இல் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

பணத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்லாமல் இந்த இதழில் எழுத முடியாது. 2012 செப்டம்பரில், ஹோம்ஸ்டக் உலகை ஒட்டி ஒரு கணினி விளையாட்டுச் செய்யப்போவதாக அறிவித்து, கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ஏழு இலட்சம் டாலர் கேட்டார் ஹஸ்ஸி. ஓரிரு நாள்களில் அந்த இலக்கு நிறைந்தது. முடிவில் சேர்ந்தது ஏறத்தாழ 25 இலட்சம் டாலர். 'ஹைவ்ஸ்வாப்' என்ற அந்த விளையாட்டின் முதல் பாகம் 2017 செப்டம்பரிலும், இரண்டாம் பாகம் 2020 நவம்பரிலும்தான் வந்தன. பணம் கொடுத்தவர்கள் முதலீட்டாளர்கள் அல்லர்; அவர்களுக்குப் பங்கும் இல்லை, வட்டியும் இல்லை. வைப்புத்தொகைக்கு உள்ள காப்பீடும் இல்லை. இன்னும் செய்யப்படாத ஒரு பொருளுக்குக் கொடுத்த முன்பணம் அது. உங்கள் பிள்ளைகள் இத்தகைய தளத்தில் பணம் கட்ட அட்டையைக் கேட்டால், திரும்பி வராவிட்டாலும் வருந்தாத தொகையா என்று மட்டும் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். நான் அப்போது கொடுக்கவில்லை. வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு என் அட்டை இடம் தரவில்லை என்பதே காரணம்.

படிக்க விரும்புவோருக்கு இரண்டு குறிப்புகள். உரையாடல்களில் வசைச்சொற்கள் தாராளம், வன்முறையும் உண்டு. ஆகவே சிறு பிள்ளைகளுக்கு உரியதன்று. இயன்றால் தன்னார்வலர்களின் தொகுப்பிலேயே படியுங்கள். முதல் நூறு பக்கங்களில் ஒரு சிறுவன் தன் அறையில் பொருள்களை எடுப்பதும் கீழே போடுவதுமாகவே இருப்பான். அவசரப்பட்டு மூடிவிட வேண்டாம். எரிகல் விழுவதற்குச் சற்று நேரமாகும்.

அக்கா மகன் இப்போது காஸ்கேடைத் தாண்டியிருக்கிறான். பதின்மூன்று நிமிடங்களும் தடையின்றி ஓடின. முடிந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டான். முடிவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு. இன்னும் ஏறத்தாழ நாலாயிரம் பக்கங்கள் அவன் படிக்க வேண்டியிருக்கிறது.